புரோமின் நிறம் நின்ற இடம்

கைக்கு வந்துவிட்ட வெற்றியை ஒருவர் எதற்காகத் திரும்ப மேசைமேல் வைத்து, அது உண்மையான வெற்றிதானா என்று இன்னொரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்? எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை முற்பகலில், ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில், ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க என் சித்தி அதைச் செய்தார். அன்று அந்தக் கேள்வி எனக்குள் கோபமாகத்தான் எழுந்தது. அது மரியாதையாக மாறுவதற்கு நான் கல்லூரிப் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் எண்ணெய்க் கடை இருந்தது. பெரியப்பாதான் கடையின் தலைவர். அப்பா அவருக்கு உதவி. சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சித்தி சாத்தான்குளம் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வீட்டுப் பெண். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி இல்லாமலேயே பெரிய வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசக்கூடியவர். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் பெரியப்பாவிடம் மட்டும் ஒரு சொல் பேசமாட்டார். கணவனுடைய அண்ணனிடம் தம்பி மனைவி நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். யாரும் அதைச் சட்டமாகப் போடவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் மீறவுமில்லை.

அந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சித்தி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "சாப்பாடு ஆறுதுன்னு பெரியப்பாட்ட சொல்லு" என்பார். அது பெரியப்பாவின் காதில் தெளிவாக விழும். இருந்தாலும் நான் அவர் முன்னால் போய், சாப்பாடு ஆறுவதைத் தெரிவிப்பேன். அவர் என்னைப் பார்த்து, "வாரேம்னு சொல்லு" என்பார். அதையும் நான் முறைப்படி கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அந்த வீட்டில் நான் இல்லாவிட்டால் பெரியப்பா பட்டினி கிடக்க நேரிடும் என்று உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் கொடை விழா நடக்கும். கொடைக்கு முதல் நல்லெண்ணெய் டின் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அம்மன் முன்னால் ஏற்றும் பெரிய விளக்குக்கும், பந்திக்குப் பொரிக்கும் முதல் வடைக்கும் அந்த டின்னைத்தான் உடைப்பார்கள். தாத்தா காலத்திலிருந்து வந்த உரிமை அது. மேளதாளத்தோடு அந்த டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது பெரியப்பாவின் நடையே மாறிவிடும்.

அந்த ஆண்டுக் கொடையில் விளக்கு புகைந்தது. திரி சரியில்லை என்று மாற்றினார்கள், மறுபடியும் புகைந்தது. விடிவதற்குள் அம்மனின் வெள்ளிக் கவசத்தில் கறுப்பு படிந்துவிட்டது. வடை சாப்பிட்டவர்கள் சிலருக்கு மறுநாள் வயிறு கெட்டது. யாரோ ஒருவர் புகையும் விளக்கைக் கைப்பேசியில் படம்பிடித்துத் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டார். "சாமி முகத்துல கரி பூசுன எண்ணெய்" என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் பள்ளியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி என் தலையைப் பார்த்து, "ஏளா, உங்க கடை எண்ணெயத்தான் தேச்சிருக்கியா? பொகையப் போவுது" என்றாள். வகுப்பே சிரித்தது.

கொடைக் கமிட்டித் தலைவர் இரும்புக் கடை வைத்திருந்தவர். பேச்சும் இரும்பாகத்தான் இருக்கும். அவர் இரண்டு மூன்று பேருடன் எங்கள் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நல்லெண்ணெயில மினரல் ஆயிலக் கலந்து விக்கான்னு பேப்பர்ல போடுதான். நம்ம தெருவுலயும் அது நடக்கும்னு நாங்க நெனைக்கல."

"நான் கலக்கல" என்றார் பெரியப்பா.

"கலக்கலன்னு கலக்குனவனும் சொல்லுவான்லா."

 பெரியப்பாவின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்த சித்தி, கடையின் பக்கவாட்டு நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை அழைத்து, "எண்ணெயச் சோதிச்சுப் பாத்திரலாம்னு பெரியப்பாட்ட சொல்லு. காலேஜ்ல நானே செய்யுதேன்னு சொல்லு" என்றார். நான் சொல்வதற்கு முன்பே தலைவர் சிரித்துவிட்டார்.

"நல்லாருக்கே! உங்க வீட்டுப் பிள்ளையே சோதிச்சா உங்களுக்குத்தான சாதகமா வரும்?"

இதற்குச் சித்திக்குத் தூது தேவைப்படவில்லை, தலைவர் வெளியாள். "நீங்க சொல்லுதது செரிதான் அண்ணாச்சி. அதனால கொடையில மிஞ்சுன எண்ணெய நீங்களே பூட்டி வைங்க. நல்லெண்ணெய்னு நீங்க நம்புற எண்ணெயயும் நீங்களே கொண்டு வாங்க. சனிக்கிழமை வந்து பக்கத்துல நின்னு பாருங்க" என்றார். எதிர்பாராத நியாயம் என்பதால் தலைவருக்கு மறுத்துச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை நான் அதுவரை காணாத ஒன்றைக் கண்டேன். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் டின் அடுக்குகளுக்கு நடுவே பெரியப்பாவும் சித்தியும் நின்றிருந்தார்கள். நடுவில் யாரும் இல்லை. சித்தி தலையைத் தாழ்த்தி, நேராக அவரிடமே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். பிறகு அவர் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தேவையில்லாமல் ஊர்க்காரர்கள் நடுவில் பேசியதற்காகப் பெரியப்பா கண்டித்திருக்கிறார் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். என்னை அழைக்காமல் பேசியதற்கு அவர்களுக்கு அது வேண்டும் என்றும் தோன்றியது.

சனிக்கிழமை பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் தூதுக்கு ஆள் வேண்டுமே.

துறைத் தலைவியின் அனுமதியோடு சித்தி ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தார். கமிட்டிக்காரர்கள் வாசலுக்கு வந்ததும், ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நுழையப் பார்த்தார்கள். உண்மை வெளிப்படப்போகும் இடம் என்பதால் அதைக் கோயிலாகவே எண்ணிவிட்டார்கள் போலும். சித்தி பதறிப்போனார்.

"அண்ணாச்சி, செருப்பப் போடுங்க! தரையில ஆசிட் சிந்தியிருந்தா கால் வெந்து போயிரும்."

"செருப்புக் காலோட வான்னு சொல்லுத எடத்துக்கு இன்னைக்குத்தான் வாரேன்" என்றார் அவர்களில் ஒருவரான உப்பளக்காரர். எந்த வழக்கிலும் யாரையாவது சிரிக்கவைக்காமல் அவரால் உட்கார முடியாது.

புகையை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பழுப்புப் புட்டி இருந்தது. அதிலிருந்து சித்தி ஒரு கரைசலை நீண்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஊற்றினார். கடுந்தேநீரின் நிறம். எங்களை நான்கடி தள்ளி நிற்கச் சொன்னார். என்னை இன்னும் தள்ளி. வெயில் விழும் பக்கத்துச் சன்னல்களைச் சாத்தினார். வெளிச்சம் பட்டால் இது வேறு வழியிலும் வினைபுரிந்து பொய்ச்சாட்சி சொல்லிவிடும் என்றார்.

"இது பேரு புரோமின். அண்ணாச்சி, ஒங்க பாத்தியில உப்பு வாரி எடுத்த பெறவு கசப்பா ஒரு தண்ணி மிஞ்சும்லா? அதுக்குள்ள இருக்கது இதுதான்."

உப்பளக்காரர் மற்றவர்களைப் பார்த்து நிமிர்ந்துகொண்டார். "பாத்தியளா, சாட்சி நம்ம ஆளுதான்" என்றார்.

சித்தி தம் மாணவிகளுக்குச் சொல்வதுபோலத்தான் அவர்களுக்கும் சொன்னார். நல்லெண்ணெயின் மூலக்கூறு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. அதில் சில இடங்களில் இரண்டு கார்பன்கள் ஒரு கைக்குப் பதிலாக இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கும். புரோமின் வந்தால் அவை இரண்டாவது பிடியை விட்டுவிட்டு, விடுபட்ட கையால் ஆளுக்கொரு புரோமினைப் பற்றிக்கொள்ளும். பற்றிய புரோமினுக்கு நிறம் இருக்காது. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் ஆயிலில் அப்படி இரட்டைப் பிடி கிடையாது. அங்கே வரும் புரோமினுக்குச் சேர இடமில்லை; நிறம் அப்படியே நிற்கும்.

உப்பளக்காரர் சற்று யோசித்தார். "அப்போ நல்லெண்ணெயில பந்தியில காலி எலை இருக்கு. வந்தவன் உக்காந்துருதான். மினரல் ஆயில்ல எலை பூரா ஆளு. வந்தவன் நின்னுக்கிட்டே இருக்கான். அப்படித்தான?"

"அப்படியேதான் அண்ணாச்சி" என்றார் சித்தி. இதைவிட நன்றாக அவரே சொல்லியிருக்க முடியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மருந்துக் கடையில் வாங்கிய மினரல் ஆயில் ஒரு குடுவையில். தலைவர் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் ஒரு செக்கில் தாமே நின்று ஆட்டி வாங்கிவந்த நல்லெண்ணெய் இன்னொன்றில். கொடை டின்னில் மிஞ்சிய எங்கள் எண்ணெய் மூன்றாவதில். எல்லாவற்றையும் ஒரே அளவு எடுத்து, ஒரு தெளிந்த திரவத்தில் கரைத்திருந்தார். முதல் குடுவையில் புரோமின் துளி விழுந்தது. நிறம் அப்படியே தங்கியது. இரண்டாவதில் விழுந்த துளி, குடுவையை ஒருமுறை சுழற்றுவதற்குள் மறைந்தே போயிற்று. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். மூன்றாவதில், எங்கள் எண்ணெயில், துளி விழுந்தது.

அதுவும் மறைந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலைவர் பெருமூச்சு விட்டார். இரும்பாக இருந்தவர் சட்டென்று இளகிவிட்டார்.

"சோலி முடிஞ்சுது. அண்ணாச்சி, தப்பாப் பேசிட்டோம். மனசுல வச்சிக்கிடாதீய. வெளக்கு பொகையுதத எவனோ படம் எடுத்துத் தப்பா எழுதிப் போட்டுட்டான், நாங்களும் நம்பிட்டோம்."

  எல்லாருடைய முகத்திலும் நிம்மதி இருந்தது. ஒரு தெருவில் வாழ்கிறவர்களுக்கு ஒருவன் குற்றவாளி ஆவதைவிடக் குற்றமற்றவன் ஆவது வசதியானது. அடுத்த ஆண்டும் முதல் டின் எங்களுடையதுதான். திங்கட்கிழமை வகுப்பில் என்ன பேசுவது என்று நான் வாக்கியங்களை அடுக்கத் தொடங்கியிருந்தேன். பெரியப்பா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி. இன்னும் முடியல" என்றார் சித்தி.

"போதும்மா. நெறம் போயிட்டுல்லா?"

"போச்சு. காலி எலை இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். எத்தனை எலை காலின்னு இன்னும் தெரியாது."

தலைவர் பெரியப்பாவைப் பார்த்தார், உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நீங்களாவது சொல்லக்கூடாதா என்பதுபோல. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏளா, மிச்சத்தையும் செய்யச் சொல்லு சித்திய" என்றார்.

என் பதவிக்காலத்தில் முதல்முறையாக என் வாய் திறக்கவில்லை. வென்ற ஆட்டத்தை நிறுத்தாமல் தொடரச் சொல்லும் செய்தியைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. நான் சேர்க்காமலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

சித்தி நான்காவது குடுவை ஒன்றை எடுத்தார். எல்லாரும் பார்க்க, தலைவரின் நல்லெண்ணெயில் பாதியும் மினரல் ஆயிலில் பாதியும் கலந்தார். கண்ணெதிரே நடந்த கலப்படம். அதில் ஒரு துளி புரோமின் விட்டார். அந்த நிறமும் மறைந்தது.  கலந்த எண்ணெயும் தூய எண்ணெயைப் போலவே நடந்துகொண்டதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் எங்களை விடுவித்த சாட்சி, இப்போது எதையுமே சொல்லாத சாட்சியாகிவிட்டது. சித்தியை நான் அன்றைக்குப்போல என்றும் வெறுத்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து, துளித் துளியாக, நிறம் போகாமல் நிற்கும்வரை விட்டுக்கொண்டே இருந்தார். தலைவரின் எண்ணெய் புரோமினைக் குடித்துக்கொண்டே போயிற்று. இனி நிற்கும், இனி நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. குழாயின் கீழ்ப்பகுதிக்கு வந்தபின்தான் ஓர் இளமஞ்சள் போகாமல் தங்கியது. அங்கே ஒரு கோடு போட்டார். குழாயை மறுபடியும் நிரப்பி விட்டபோது, பாதிக்குப் பாதி கலந்தது, எதிர்பார்த்தபடியே, பாதி வழியில் நின்றது. அங்கேயும் ஒரு கோடு. கடைசியாக எங்கள் எண்ணெய். பாதிக் கலப்பின் கோட்டைத் தாண்டிவிட்டது. உப்பளக்காரர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், வேண்டுதலாக இருக்கலாம். நான் கீழே இருந்த, தலைவரின் எண்ணெய்க்குப் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு வெகு முன்னாலேயே குடுவைக்குள் மஞ்சள் தங்கிவிட்டது. சித்தி சுழற்றினார். மறுபடியும் சுழற்றினார். அது போகவில்லை.

சித்தி நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பெரியப்பாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "அத்தான், நெறம் நின்னுட்டு" என்றார்.

எண்ணெயில் கலப்படம் இருந்ததைவிட, அவர் அத்தனை பேர் நடுவில் அத்தானை அழைத்ததுதான் எனக்கு அப்போது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் குரல் உயரவில்லை.

"நான் கலக்கல. மொத்த வியாபாரிட்ட இருந்து வந்த டின்ன உடைக்காமத்தான் குடுத்தேன். ஆனா அது என் கடை வாசல் வழியாத்தான் வெளிய போச்சு. அதே லோடு எண்ணெய நம்ம தெருவுல பாதி வீட்டுக்கு வித்துருக்கேன். எல்லாருக்கும் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த எண்ணெயில ஒரு அப்பளம்கூடப் பொரிக்க வேண்டாம்."

உப்பளக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. "எங்க வீட்லயும் அந்த எண்ணெய்தான" என்றார் மெல்ல. "பேத்திக்குத் தோசை வாக்கதும் அதுலதான்." அதற்குமேல் அன்று அவர் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

விளக்கு புகைந்ததை வாட்ஸப்பில் பார்த்த தெரு, அன்று மாலை அதே குழுவில் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தது. தலைவரின் கைப்பேசிக்கு முன்னால் நின்று அவர் அதே சொற்களைத் திரும்பச் சொல்லியிருந்தார். மக்கள் எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கேனில், பாட்டிலில், ஒருவர் குழம்புக் கிண்ணத்தில்கூட. பெரியப்பா கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வேறு சரக்கிலிருந்து கடலை எண்ணெய் அளந்து கொடுத்தார்.  சிலர் போகிறபோது, "படிச்ச மருமவ வந்தா, கடைக்குப் பூட்டு வந்துட்டு" என்று காதில் விழும்படியே சொன்னார்கள். மிஞ்சிய டின்களை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்து எடுத்துப் போனார்கள். கடையில் கூட்டம் குறைந்தது. அடுத்த கொடைக்கு முதல் டின் வேறு கடையிலிருந்து மேளதாளத்தோடு போனது. பெரியப்பா கூட்டத்தில் ஒருவராக நின்று கும்பிட்டார்.

அந்த ஆண்டுகளில் எனக்கு ஒரு கணக்கு மட்டும் நேராகவில்லை. உண்மையைச் சொன்னவர் சித்தி, இழந்தவர் பெரியப்பா. அப்படியிருக்க, பெரியப்பாவுக்குச் சித்திமேல் கோபமே வராதது ஏன்? அந்தச் சனிக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் கிட்டங்கியில் பார்த்த காட்சியைக் கண்டிப்பு என்றே நினைத்து வந்தேன்.

கல்லூரியில் அதே சோதனையை என் கையால் செய்த ஆண்டில்தான் ஓர் ஐயம் வந்தது. நிறம் நிற்கும் இடத்தை அவ்வளவு நிதானமாகக் காட்ட வேண்டுமானால், எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு செறிவுள்ள கரைசல் வேண்டும் என்று முன்பே செய்து பார்த்திருக்க வேண்டும். முதல் முயற்சியில் யாருக்கும் அப்படி அமையாது. விடுமுறைக்கு வந்தபோது சித்தியிடம் கேட்டேன்.

"ஆமா. நம்ம கிட்டங்கியில இருந்த அதே லோடு டின்ல இருந்து எடுத்து மொதல்லயே செஞ்சு பாத்தேன்" என்றார். "வெள்ளிக்கெழமையே அத்தான்ட்ட சொல்லிட்டேன். இத உன் வாய் வழியா சொல்லி அனுப்ப முடியுமா? சாயந்தரமே கமிட்டிக்குச் சொல்லிருவோம், சனிக்கெழமை யாரும் வர வேண்டாம்னேன்."

"அதுக்குப் பெரியப்பா என்ன சொன்னாங்க?"

"நாமளே ஒத்துக்கிட்டா, கொடை டின் ஒண்ணுதான் கெட்டதுன்னு நெனைச்சுக்கிட்டு வீட்டுல இருக்க எண்ணெய யாரும் கொட்டமாட்டாங்க, அவங்க கண்ணால பாக்கட்டும்னாங்க. மொதத் துளி மறைஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சிருவாங்க, அப்பம் பாதியில நிறுத்திராத, நான் நிக்கேன்னு சொன்னாங்க."

ஆய்வுக்கூடத்தில் பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. தலைவர் மன்னிப்புக் கேட்டபோது, அந்த மன்னிப்பு தமக்கு உரியதல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை ஏற்றுக்கொண்டு கிளம்பியிருந்தால் ஊரில் யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். சித்திக்கும், அவருக்கும், ஒரு குடுவை நிறத்துக்கும் மட்டுமே தெரிந்திருக்கும்.

இப்போதும் கொடைக்கு முன்பு கமிட்டிக்காரர்கள், எந்தக் கடையிலிருந்து முதல் டின் வந்தாலும், அதிலிருந்து ஒரு சிறு பாட்டிலைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டில் மாறியது வேறொன்று. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, சாப்பாடு ஆறுகிறது என்பதைச் சித்தி பெரியப்பாவிடம் நேராகவே சொன்னார். வருகிறேன் என்பதைப் பெரியப்பாவும் நேராகவே சொன்னார். இடையில் என்னை யாரும் அழைக்கவில்லை.